பழைய பாலிசியை எடைக்குப் போடாதீர்கள்

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு நம் கடைகளில் நடக்கும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பரணில் இருக்கும் பழைய நோட்டுக் கட்டுகள் கீழே இறங்கும். வரிக் கணக்குக்காக வைத்திருக்க வேண்டிய ஆண்டுகள் முடிந்தவை ஒரு பக்கம், முடியாதவை ஒரு பக்கம் என்று பிரியும். முடிந்தவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகும். அந்தக் கட்டுகளுக்கு நடுவே காலாவதியான இன்ஷூரன்ஸ் பாலிசிகளும் இருக்கும். காலம் முடிந்த பாலிசி செத்த பாலிசி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் நம் எண்ணம்.

தீ, திருட்டு பாலிசிகளைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தில் பெரிய தவறில்லை. ஆனால் நம்மால் பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்காக எடுக்கிறோமே, 'பப்ளிக் லயபிலிட்டி' என்று ஏஜெண்டுகள் சொல்லும் பொறுப்புக் காப்பீடு, அது வேறு சாதி. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்துபோன அத்தகைய பாலிசி இன்றைக்கு ஒரு வியாபாரியை ஓட்டாண்டியாகாமல் காப்பாற்ற முடியும். அமெரிக்காவில் இது 1980-களிலிருந்து நடந்து வருகிறது. அங்கே இதனால் தப்பியவர்கள் பெரிய ஆலை முதலாளிகள் மட்டுமல்ல. சலவைக் கடைக்காரர்களும் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர்களும் கடையை வாடகைக்கு விட்டிருந்த கட்டட உரிமையாளர்களும் உண்டு. நம் இதழில் இதை எழுதக் காரணம் அதுவே.

கதை தொடங்குவது நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில். அங்கே 'லவ் கெனால்' என்ற பாதியில் கைவிடப்பட்ட கால்வாய்ப் பள்ளத்தில், ஹூக்கர் என்ற இரசாயனக் கம்பெனி 1940-களிலிருந்து சுமார் 21,000 டன் கழிவைக் கொட்டி மூடியது. 1953-இல் அந்த நிலத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. அதன்மேல் பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து வீடுகளின் நிலவறைகளில் இரசாயனம் கசிந்து ஏறியது. 1978-இல் நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்த அதிர்ச்சியில் 1980 டிசம்பரில் பிறந்த சட்டத்தைத்தான் அங்கே 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் என்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் கடுமையை வியாபாரிகளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். கொட்டியவன் பொறுப்பு, கொட்டச் சொல்லிக் கொடுத்தனுப்பியவன் பொறுப்பு, எந்த இடத்தில் கொட்டுவது என்று தானே பார்த்துக் கொட்டிய லாரிக்காரன் பொறுப்பு, அன்றைக்கு நிலம் வைத்திருந்தவன் பொறுப்பு, இன்றைக்கு வைத்திருப்பவனும் பொறுப்பு. தவறு செய்தாயா என்ற கேள்வியே இல்லை. சட்டம் வருவதற்கு முன்னால், அன்றைய விதிப்படி சரியாகச் செய்த காரியத்துக்கும் பொறுப்பு உண்டு. பலர் சேர்ந்து கெடுத்த இடம் என்றால், பிராமிசரி நோட்டில் கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர்களைப் போல, யாராவது ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். பெட்ரோல் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் 1984-இல் பூமிக்கடியிலுள்ள டாங்குகளுக்கென்று தனி ஏற்பாடு வந்து, பங்க்காரர்களையும் அது பிடித்துக்கொண்டது. அன்று முதல் இதுவரை கசிந்ததாக உறுதி செய்யப்பட்ட டாங்குகளின் கணக்கு 5 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

சலவைக் கடைக்காரர் இதில் எப்படி மாட்டினார் என்று கேட்கலாம். உலர்சலவைக்குப் பயன்படுத்தும் பெர்குளோரோஎத்திலீன் என்ற திரவம் தண்ணீரைவிடக் கனமானது. சிமெண்ட் தரையில் சிந்தினால் அதையும் ஊடுருவும்; சாக்கடையில் விட்டால் குழாய் இணைப்புகளின் வழியே கசியும்; நிலத்தடி நீரை அடைந்தால் மிதக்காது, இன்னும் கீழே இறங்கும். அமெரிக்கக் குடிநீர் விதிப்படி ஒரு லிட்டர் நீரில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது. நாம் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு லிட்டர் திரவம் 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும். 1950-களிலும் 60-களிலும் ஒரு சலவைக்கடையில் வாரத்துக்கு எத்தனை லிட்டர் சிந்தியிருக்கும் என்று யார் பார்த்தார்கள்? அப்போது அது குற்றமும் அல்ல. இந்தத் திரவத்தைச் சலவைத் தொழிலிலிருந்து பத்தாண்டுகளில் படிப்படியாக விலக்கும் விதியை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை கொண்டுவந்ததே 2024 டிசம்பரில்தான்.

கடைக்காரர் கடையை விற்றுவிட்டுப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். பிற்பாடு கட்டட உரிமையாளர் இடத்தை அடமானம் வைக்கப் போவார். வங்கி மண்ணைத் துளைத்துப் பார்க்கச் சொல்லும். கீழே திரவம் இருக்கும். மாநில அரசிடமிருந்து கடிதம் வரும். சுத்தம் செய்யும் செலவு பல இலட்சம் டாலர். நீர் அதிகம் கெட்ட இடங்களில் 10 இலட்சம் டாலரையும் தாண்டும். இடத்தின் விலையே அவ்வளவு பெறாது. இந்த இடத்தில்தான் பழைய பாலிசி உள்ளே வருகிறது.

1940-களிலிருந்து அமெரிக்க வியாபாரிகள் 'பொதுப் பொறுப்பு பாலிசி' எடுத்து வந்தார்கள். கடைக்கு வந்தவர் வழுக்கி விழுந்தால், பக்கத்துக் கட்டடத்துக்குச் சேதம் வந்தால் என்றுதான் அன்று நினைத்தது. 1966-இல் பாலிசி வாசகத்தைத் திருத்தியபோது 'விபத்து' என்ற சொல்லுக்குப் பதிலாக 'நிகழ்வு' என்ற சொல்லை வைத்தார்கள். பாலிசி நடப்பிலிருந்த காலத்தில் பிறர் சொத்துக்கோ உடலுக்கோ சேதம் ஏற்பட்டிருந்தால் போதும். அதற்கான வழக்கு பத்தாண்டு கழித்து வந்தாலும் நாற்பதாண்டு கழித்து வந்தாலும் சேதம் நடந்த ஆண்டின் பாலிசி பொறுப்பேற்கும். 1968-இல் திரவம் மண்ணில் இறங்கிச் சேதம் செய்துகொண்டிருந்தது என்றால், 2008-இல் வந்த நோட்டீசுக்கு 1968-ஆம் ஆண்டு பாலிசி பதில் சொல்ல வேண்டும். மெதுவாகக் கசியும் மாசு ஆண்டுதோறும் சேதம் செய்துகொண்டே இருக்கிறது. ஆகவே அத்தனை ஆண்டுப் பாலிசிகளும் விழித்துக்கொள்ளும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1995-இல் மாண்ட்ரோஸ் வழக்கில் சொன்னது.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. பாலிசிதாரரின் சொந்த நிலத்துக்கு வந்த சேதத்தை இந்தப் பாலிசி ஏற்காது. ஆனால் நிலத்தடி நீர் அவருடைய சொந்தச் சொத்து அல்ல. பக்கத்து நிலத்துக்குப் பரவிய மாசும் அவருடையதல்ல. நீர் கெட்டிருக்கிறது என்று காட்டிவிட்டால் பெரும்பாலும் இந்தத் தடை விலகும். அரசு உத்தரவுப்படி சுத்தம் செய்யும் செலவு 'நஷ்ட ஈடு' ஆகுமா என்று கம்பெனிகள் கேட்டன. ஆகும் என்று அதே கலிஃபோர்னியா நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது.

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 1970-லேயே மாசுக்கு விலக்கு என்று ஓர் இணைப்பைப் பாலிசியில் ஒட்டத் தொடங்கி, 1973-இல் அதை வாசகத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டன. 'திடீரென்றும் தற்செயலாகவும்' நடந்த மாசு மட்டும் அந்த விலக்குக்கு விதிவிலக்கு. இந்த இரண்டு சொற்களை வைத்து நடந்த வழக்குகளுக்கு எல்லையே இல்லை. 'திடீர்' என்றால் சட்டென்று நடந்தது என்று பொருளா, எதிர்பாராதது என்று பொருளா? மிச்சிகன் நீதிமன்றம் 1991-இல் சட்டென்று நடந்ததுதான் என்றது; பாலிசிதாரர் தோற்றார். இல்லினாய் நீதிமன்றம் 1992-இல் எதிர்பாராதது என்றும் கொள்ளலாம் என்றது, பாலிசிதாரர் வென்றார். நியூஜெர்சியில் 1993-இல் வந்த தீர்ப்புதான் நமக்குப் பிடித்தது. 1970-இல் இந்த விலக்கைச் சேர்க்க அனுமதி கேட்டபோது, 'பழைய பாதுகாப்பில் ஒன்றும் குறையவில்லை, விளக்கம்தான் கொடுக்கிறோம்' என்ற தோரணையில் அதிகாரிகளிடம் கம்பெனிகள் சொல்லியிருந்தன. அப்படிச் சொல்லிவிட்டு இப்போது குறைந்துவிட்டது என்று வாதாட முடியாது என்று நீதிமன்றம் கதவைச் சாத்திவிட்டது. கடைசியில் 1986-இல் விதிவிலக்கே இல்லாத முழு விலக்கு வந்தது. அதற்குப் பிந்திய பாலிசிகளில் மாசுக்குப் பணம் பெறுவது பல மாநிலங்களில் மிகக் கடினம். இண்டியானா மாநிலம் மட்டும் தனி வழி. ஒரு பெட்ரோல் நிலையத்தின் கசிவு பற்றிய 1996-ஆம் ஆண்டு கைகர் வழக்கில், பெட்ரோல் விற்பவருக்கு பாலிசியை விற்றுவிட்டு, பெட்ரோல் 'மாசுப் பொருள்' என்று தெளிவாகப் பெயர் சொல்லி எழுதாமல் விலக்குக் கேட்பது செல்லாது என்று அங்கே முடிவாயிற்று. பங்க்காரனிடம் பிரீமியம் வாங்கும்போது அவன் விற்பது பெட்ரோல் என்று கம்பெனிக்குத் தெரியாதா என்ன?

இதெல்லாம் நியாயந்தானா என்று நம் வாசகர்களில் சிலர் கேட்கக்கூடும். சில நூறு டாலர் பிரீமியம் வாங்கிய கம்பெனி இன்று சில இலட்சம் டாலர் தருவதா? வழுக்கி விழுவதை நினைத்துக் கொடுத்த பாலிசி, நிலத்தடி நீருக்கும் பொறுப்பாவதா? கம்பெனிகளின் வாதத்தில் ஓரளவு நியாயம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பில்லில் என்ன எழுதினோமோ அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதுதான் வியாபாரம். 'நிகழ்வு' என்ற சொல்லை எழுதியது வியாபாரி அல்ல. கம்பெனியின் நிபுணர்கள் எழுதினார்கள், வியாபாரி கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டினார். வாங்கும்போது 'எல்லாம் அடங்கும்' என்று விற்றுவிட்டு, கொடுக்கும்போது 'இதை நினைத்து எழுதவில்லை' என்றால், அதே பேச்சை நாம் நம் வாடிக்கையாளரிடம் பேச முடியுமா? அதே அளவுகோலில், 1986-க்குப் பிறகு முழு விலக்கு என்று தெளிவாக எழுதிக் கொடுத்த பாலிசியில் வியாபாரி பணம் கேட்பதையும் நாம் ஆதரிக்க மாட்டோம்.

இனி, பாலிசியைத் தேடும் கதைக்கு வருவோம். நம்மைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க வியாபாரிகளும் நம்மைப் போலத்தான். முடிந்த பாலிசியைக் குப்பையில் போட்டிருந்தார்கள். 1980-களில் நோட்டீஸ் வரத் தொடங்கியதும் கம்பெனிகளிடம் போனார்கள். 'பாலிசியைக் காட்டு' என்றார்கள் கம்பெனிக்காரர்கள். தங்களிடம் நகல் இல்லை என்றும் சொன்னார்கள். பாலிசி இருந்தது என்று நிரூபிக்கும் சுமை முதலில் வியாபாரியின் தலையில்தான். இதற்கென்றே ஒரு தொழில் முளைத்தது. 'இன்ஷூரன்ஸ் தொல்பொருள் ஆய்வு' என்று அதற்குப் பெயர். மண்ணைத் தோண்டாமல் காகிதத்தைத் தோண்டும் ஆய்வு.

அவர்கள் எங்கெல்லாம் தோண்டுகிறார்கள் என்று பார்த்தால் நமக்கு வியப்பாக இருக்கும். பழைய பேரேட்டில் 'இன்ஷூரன்ஸ் பிரீமியம்' என்று எழுதிய ஒரு வரி. பணமாகித் திரும்பி வந்த பழைய செக். ஆடிட்டரின் அலமாரி. ஏஜெண்ட் இறந்திருந்தால் அவர் தொழிலை வாங்கியவரின் கோப்பு. கடையை வாடகைக்குக் கொடுத்த கட்டட உரிமையாளர், 'உன் பாலிசியில் என் பெயரையும் சேர்' என்று கேட்டு வாங்கி வைத்திருந்த சான்றுக் கடிதம். கடன் கொடுத்த வங்கி. துணி வெளுத்துத் தரும் ஒப்பந்தத்துக்காக இராணுவ முகாமிலோ மருத்துவமனையிலோ கொடுத்த காப்பீட்டுச் சான்று. நகராட்சி லைசென்ஸ் விண்ணப்பம். என்றோ ஒரு வாடிக்கையாளர் படியில் விழுந்து வழக்குப் போட்டிருந்தால், அந்த வழக்குக் கட்டில் பாலிசி எண் அப்படியே இருக்கும்! விழுந்தவரை அன்று சபித்த கடைக்காரரின் வாரிசுகள் பிற்பாடு அவருக்கு நன்றி சொல்ல வேண்டியதாகிறது.

எண்ணும் ஆண்டும் கம்பெனியின் பெயரும் கிடைத்தால் வாசகத்தை மீட்பது அவ்வளவு கடினமல்ல. கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே அச்சு வாசகத்தைப் பயன்படுத்தி வந்தன. 1966-இல் எது, 1973-இல் எது என்பது பதிவில் இருக்கிறது. ஆரிகன் மாநிலம் 1999-இல் ஒரு சட்டமே செய்தது. தொலைந்த பாலிசியைப் பற்றி வியாபாரி கேட்டால் கம்பெனி தன் பதிவேடுகளை ஒழுங்காகத் தேடிப் பார்க்க வேண்டும், வாசகத்தை மீட்க ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இதை நாம் மிகவும் பாராட்டுகிறோம். விற்ற சரக்கின் பில் நகல் விற்றவனிடமும் இருக்க வேண்டும் அல்லவா?

தொகை எப்படிச் சேர்கிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஆண்டுக்கு 1 இலட்சம் டாலர் வரம்புள்ள பாலிசி பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் கிடைத்தது என்று வைப்போம். கலிஃபோர்னியாவின் 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்புப்படி, வாசகத்தில் தடை இல்லாவிட்டால், அத்தனை ஆண்டு வரம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 12 இலட்சம் வரை கேட்கலாம். நியூஜெர்சி 1994 முதல் செலவை ஆண்டுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் வழியைப் பின்பற்றுகிறது. ஆக, ஒரே காகிதக் கட்டு ஒரு மாநிலத்தில் ஒரு விலை, இன்னொரு மாநிலத்தில் இன்னொரு விலை. இதைவிடப் பெரிய இலாபம் ஒன்று உண்டு. பழைய பாலிசிகள் பலவற்றில் வக்கீல் செலவையும் கம்பெனியே ஏற்க வேண்டும். அது வரம்புத் தொகையில் கழியாது. சிறு வியாபாரிக்கு நஷ்ட ஈட்டைவிட வக்கீல் பீஸ்தான் முதலில் கழுத்தைப் பிடிக்கும் என்பதால் இது சாதாரண விஷயமல்ல. ஆனால் நோட்டீஸ் வந்தவுடன் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் தானாகவே பணம் கட்டிச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டால், 'எங்களைக் கேட்காமல் கொடுத்த பணம்' என்று கைவிரித்துவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடு முந்திக்கொண்ட பலர் இப்படித்தான் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நோட்டீசின் வடிவமும் வம்பு செய்யும். கலிஃபோர்னியாவில் பூச்சிமருந்து, உர மொத்த வியாபாரம் செய்த ஃபாஸ்டர்-கார்ட்னர் என்ற நிறுவனத்துக்கு அரசு உத்தரவு வந்தது. பாலிசியில் 'வழக்கு' வந்தால் வாதாடித் தருகிறோம் என்று இருந்தது. அரசு உத்தரவு வழக்கு ஆகாது, ஆகவே வக்கீல் வைத்துத் தர வேண்டியதில்லை என்று 1998-இல் 4 நீதிபதிகள் ஒரு பக்கமும் 3 பேர் ஒரு பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் ஒரு மொத்த வியாபாரியின் தலையெழுத்து மாறியிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் கறுப்புப் பக்கமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், சூப்பர்ஃபண்ட் கிளெய்ம்களுக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் செலவிட்ட பணத்தில் 88 சதவீதம் வக்கீல்களுக்கும் வழக்குகளுக்குமே போனது என்று கண்டார்கள். மண்ணைச் சுத்தம் செய்யப் போக வேண்டிய பணம், கோர்ட் வராந்தாவைச் சுற்றியே நின்றுவிட்டது. லண்டன் லாயிட்ஸ் சந்தை, அமெரிக்காவின் ஆஸ்பெஸ்டாஸ், மாசு கிளெய்ம்களால் 1990-களில் ஆட்டம் கண்டது. தன் சொத்து முழுவதையும் பணயம் வைத்து அங்கே பணம் போட்டிருந்த தனி மனிதர்கள் பலர் அழிந்தார்கள். பழைய பொறுப்புகளைத் தனியே பிரித்து ஏற்க 1996-இல் ஈக்விடாஸ் என்ற அமைப்பை உண்டாக்கித்தான் சந்தை மூச்சு விட்டது. ரிலையன்ஸ் என்ற பழைய அமெரிக்கக் கம்பெனி 2001-இலும், ஹோம் இன்ஷூரன்ஸ் 2003-இலும் கலைக்கப்பட்டன. அவற்றின் பாலிசியைத் தேடி எடுத்தவருக்குக் காகிதம் கிடைத்தது, பணம் முழுதாகக் கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே பாலிசி எடுக்கும்போது பிரீமியம் குறைவா என்று மட்டும் பார்க்காமல், கம்பெனி நாற்பது ஆண்டு நிற்குமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி நம் நாட்டு நிலைமை. 'கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் நம் உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் அது எழுத்திலேயே வந்துவிட்டது. 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது என்ன ஆயிற்று என்பதை அந்த ஊரில் துணி மூட்டை தூக்கியவர்கூட அறிவார். கெட்டுப்போன ஆறும் கிணறும் சுத்தமாக வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது பேச்சு இல்லை. அந்தத் தண்ணீரைத்தான் நம் பிள்ளைகளும் குடிக்கிறார்கள். நாம் கேட்பது, அந்தச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது. அமெரிக்காவில் சட்டம் பின்னோக்கிக் கை நீட்டியபோது, பிடித்துக்கொள்ள ஒரு பழைய பாலிசியாவது இருந்தது. இங்கே?

போபால் துயரத்துக்குப் பின் 1991-இல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆபத்தான பொருளைக் கையாள்பவர் கட்டாயம் பாலிசி எடுக்க வேண்டும். விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குத் தவறு யாருடையது என்று பாராமல் உடனடி நிவாரணம் தர வேண்டும் என்பது அதன் நோக்கம். சட்டம் வந்தபோது ஓர் உயிருக்கு வைத்த நிவாரணம் ரூ.25,000. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து கெட்ட மண்ணைச் சுத்தம் செய்ய அது போடப்பட்ட சட்டமல்ல. நாமாக விரும்பி எடுக்கும் பொறுப்பு பாலிசிகளிலோ மாசு பொதுவாக விலக்கப்பட்டிருக்கும்; கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டினால் திடீர் விபத்தால் வரும் மாசை மட்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாம் மளிகைக்காரர்கள், நமக்கும் மாசுக்கும் என்ன என்று எண்ண வேண்டாம். மண்ணெண்ணெய் விற்றவர்கள் நம்மில் உண்டு. பூச்சிமருந்து, ஆசிட், பெயிண்ட் மொத்த வியாபாரிகள் உண்டு. குடோனை அவர்களுக்கு வாடகைக்கு விட்டவர்கள் உண்டு. பழைய பாட்டரிக் கடையோ முலாம் பூசும் பட்டறையோ இருந்த இடத்தை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிக் கடை கட்டியவர்களும் உண்டு.

இன்னொரு வேற்றுமையும் நமக்குப் பாதகமானது. அமெரிக்கப் பழைய பாலிசியில் சேதம் எப்போது நடந்தது என்பதே கணக்கு. நம் நாட்டில் வழக்கமாகத் தரப்படும் பொறுப்பு பாலிசியில் கிளெய்ம் எப்போது வந்தது என்பது கணக்கு. பாலிசி நடப்பில் இருக்கும்போதே கிளெய்ம் வர வேண்டும். சேதமும் பாலிசியில் குறித்த ஒரு பழைய தேதிக்குப் பின் நடந்திருக்க வேண்டும். அந்தத் தேதியை 'ரெட்ரோஆக்டிவ் தேதி' என்பார்கள். 2005-இலிருந்து தொடர்ந்து புதுப்பித்து வந்தவருக்கு 2005 வரை பாதுகாப்பு நீளும். நடுவில் ஓராண்டு விட்டுவிட்டாலோ, பிரீமியம் குறைவு என்று வேறு கம்பெனிக்கு மாறும்போது பழைய தேதியை எழுதி வாங்காமல் விட்டாலோ, அத்தனை ஆண்டுப் பாதுகாப்பும் ஒரே கையெழுத்தில் போய்விடும். முந்தைய ஆண்டுகளில் பாலிசி விடாமல் இருந்தது என்று காட்ட நம்மிடம் இருக்கக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பழைய பாலிசிதான். ஆக வாசகம் வேறானாலும், பரணில் இருக்கும் காகிதம் இங்கேயும் பணந்தான். புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் பிரீமியத்தைக் கேட்பதற்கு முன் இந்தத் தேதியைக் கேளுங்கள்.

சங்கங்கள் அரசிடமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடமும் கேட்க வேண்டியவையும் உண்டு. 1973 ஜனவரியில் பொதுக் காப்பீடு தேசியமயமானபோது 107 கம்பெனிகள் நான்கு அரசுக் கம்பெனிகளுக்குள் வந்தன. தனியார் கம்பெனிகளுக்கு மீண்டும் கதவு திறந்தபின் சில கம்பெனிகள் பெயர் மாறின, சில ஒன்றையொன்று வாங்கின. ஒரு வியாபாரியின் இருபதாண்டுப் பழைய பொறுப்பு பாலிசியின் நகலை எந்த வாசலில் போய்க் கேட்பது? ஆரிகன் மாநிலத்தைப் போல, பொறுப்பு பாலிசிகளின் எண், காலம், தொகை, வாசகம் ஆகியவற்றைக் கம்பெனிகள் காலவரையறையின்றிக் காப்பாற்றி, பாலிசிதாரரோ வாரிசோ கேட்டால் தேடித் தர வேண்டும் என்று ஆணையம் விதி செய்ய வேண்டும். கணினி வந்தபின் இடமில்லை என்று சொல்ல வழியில்லை. மெதுவாகக் கசியும் மாசையும் சேர்த்து, சேதம் நடந்த ஆண்டுக்கே பொறுப்பேற்கும் பாலிசி ஒன்றைச் சிறு வியாபாரிகளுக்காகச் சங்கங்களின் மூலம் கூட்டாக, கட்டக்கூடிய பிரீமியத்தில் தர அரசுக் கம்பெனிகள் முன்வர வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆயிரம் கடை சேர்ந்து கேட்டால் பேச்சுக்காவது உட்காருவார்கள்.

அதுவரை, வரும் ஆயுத பூஜைக்குக் கட்டுகளைப் பிரிக்கும்போது பாலிசிகளை மட்டும் தனியே எடுத்து ஒரு தகரப் பெட்டியில் போடுங்கள். கம்பெனி பெயர், பாலிசி எண், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். பாலிசி தொலைந்த ஆண்டுகளுக்கு அந்த ஆண்டுப் பேரேட்டில் பிரீமியம் எழுதிய பக்கத்தையாவது கிழித்து அதில் வையுங்கள். கடன் வாங்கிய வங்கியின் கோப்பில் நகல் இருக்கக்கூடும், மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். மற்ற காகிதங்கள் தராசுக்குப் போகலாம்.